ஏழாம் கட்டளையா, எட்டாம் கட்டளையா?

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பங்குக் கோவிலை ஒட்டியுள்ள சிறு கூடத்தில், வாரத்தில் நான்கு மாலைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்து வருகிறேன். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு கிடைக்காது. வருகிறவர்கள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். நம் பங்குப் பிள்ளைகளும் உண்டு. பிற சமயத்துப் பிள்ளைகளும் உண்டு. தாய்மார் பலர் மெப்ஸ் வளாகத்துத் தொழிற்கூடங்களில் வேலை செய்கிறார்கள். தந்தையர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள். வீட்டில் அமர்ந்து பாடம் சொல்லித் தரக்கூடியவர் ஒருவரும் இல்லாத குடும்பங்களே மிகுதி.

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, “டீச்சர், வீட்டுப்பாடத்தைப் போன்ல பார்த்து எழுதினா அது பாவமா? பாவம்னா எந்தக் கட்டளை? ஏழாவதா, எட்டாவதா?” என்று கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்திலிருந்த பெண், “ஏழாவதுதான், திருட்டுத்தானே!” என்றாள். “எல்லாரும் பார்க்கணும்னுதானே போட்டு வச்சிருக்காங்க? அது எப்படித் திருட்டாகும்?” என்று மற்றொருவன் மறுத்தான். களவு செய்யலாகாது என்பது ஏழாம் கட்டளை. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது எட்டாம் கட்டளை. கட்டளைகளின் எண்ணிக்கையை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறார்களே என்று மறைக்கல்வி ஆசிரியைக்காக மகிழ்ந்தேன். பாவமா இல்லையா என்பதைச் சுவாமியிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அவனை அனுப்பினேன். ஆயினும் அவன் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பெற்றோர் பலரும் இதே கேள்வியை வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

கைப்பேசியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அறியாத பெற்றோருக்காக ஒரு சொல். அரசுப் பாடநூலில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று வினாக்கள் இருக்கும். அவற்றுள் எதையேனும் தமிழிலேயே தட்டினால் போதும். விடை முழுமையாக வந்து நிற்கும். பாடத்தை விளக்கும் காணொளிகளும் உண்டு. கணக்குகளுக்கு ஒவ்வொரு படியும் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, கேட்ட மாத்திரத்தில் புதுக் கட்டுரையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

இவை எல்லாம் இக்காலத்துப் பிள்ளைகளைக் கெடுக்க வந்த புதுமை என்று பேசுவோரைக் காணும்போது எனக்குச் சிரிப்பு வரும். நான் திருச்சி பொன்மலையில் வளர்ந்தவள். தந்தையார் அங்குள்ள ரயில்வே பணிமனையில் தொழிலாளி. 1960-களில் எங்கள் வீட்டில் இருந்த நூல்களை ஒரு கையால் எண்ணிவிடலாம்: செபப் புத்தகம், புனிதர் வரலாறு ஒன்று, பாடநூல்கள், அவற்றோடு கோனார் தமிழ் உரை. தெப்பக்குளத்துப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட அந்த உரைநூலை அக்காள் பயன்படுத்தி, பிறகு நான் பயன்படுத்தி, அட்டை கிழிந்த பின்னர் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தோம். செய்யுளுக்குச் சொற்பொருள், பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, பின்னர் வினாவும் விடையும் என்று அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எழுதியவர் ஐயன் பெருமாள் கோனார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இயேசு சபைத் தந்தையர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி அது. அவருடைய பெயர் தமிழ்நாட்டில் எத்துணை ஊன்றிவிட்டது என்றால், எளிய செய்தி ஒன்று விளங்காமல் விழிப்பவரைப் பார்த்து, “இதற்கும் கோனார் நோட்ஸ் வேண்டுமா?” என்று கேட்பது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது.

அந்நாளிலும் இதே வழக்காடல்தான். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் மாணவியர் கையில் உரைநூலைக் கண்டால் பிடுங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். அவருடைய கைப்பையிலும் அதே நூல் இருந்தது என்பதை வகுப்பு முழுவதும் அறியும்.

உரையைத் துணைக்கொண்டு கற்பது தமிழருக்கு இழுக்கான செயல் அன்று. நம்முடைய கல்வி மரபே அதுதான். திருக்குறளைப் பரிமேலழகர் இன்றிக் கற்றோர் பழங்காலத்தில் எத்தனை பேர்? சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலானோர் என்று மூலநூலின் கையைப் பிடித்துக்கொண்டே உரைநூலும் நடந்து வந்திருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது நச்சினார்க்கினியர் உரையோடு சேர்த்தே அச்சிட்டார். நம் வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காலத்தில் சொற்பொருள் அறிய விரும்பிய மாணவன் நிகண்டுச் சூத்திரங்களை மனப்பாடம் செய்தாக வேண்டும். அவரோ 1732-இல் சதுரகராதியை இயற்றி, எவரும் அகர வரிசையில் தேடிச் சொல்லைக் கண்டுகொள்ளும்படி செய்துவிட்டார். மனப்பாடத்தின் சுமையைக் குறைத்த அந்த நூலைப் புரட்டிப் பார்ப்பதை இன்று யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. சொல்லின் பொருளை நூலில் தேடலாம், கைப்பேசியில் தேடலாகாது என்பதற்கு நான் அறிந்தவரை நியாயம் ஒன்றும் இல்லை.

ஏழாம் கட்டளையைப் பொறுத்தவரை, நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இது வழக்காக வந்திருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1924-இல் வெளியிட்ட ‘எ பாசேஜ் டு இந்தியா’ என்னும் நாவல் இங்கே பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடமாக வைக்கப்பட்டிருந்தது. ஏ.என். பரசுராம் என்பவர் அந்நாவலுக்கு மாணவர் கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டார். கதைச் சுருக்கமும் பாத்திரங்களின் இயல்பும் வினா விடைகளும் கொண்ட, நாம் ‘கைடு’ என்று சொல்லும் வகை நூல். தம் நாவலின் உரிமை பறிக்கப்பட்டது என்று ஃபார்ஸ்டர் தரப்பு வழக்குத் தொடுத்தது. கையேடு மூலநூலின் நகல் ஆகாது, உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 1964-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அத்தீர்ப்பு பதிவாகியிருக்கிறது. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஒரு பக்கம், சென்னையின் கையேட்டு ஆசிரியர் மறு பக்கம், வென்றவர் கையேட்டுக்காரர்.

ஆகவே கையேடு எழுதுவது களவு அன்று. அதை வாங்கிப் படிப்பதும் களவு அன்று. இணையத்தில் எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒருவர் வைத்திருக்கும் விளக்கத்தைப் பார்ப்பதும் களவு ஆகாது. அந்தச் சிறுவன் பேசியது சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பு நூலாசிரியருக்கும் கையேட்டு ஆசிரியருக்கும் இடையிலான கணக்கை மட்டுமே தீர்த்தது. மாணவனுக்கும் அவனுடைய ஆசிரியருக்கும் இடையே உள்ள கணக்கு வேறு. எட்டாம் கட்டளை அங்கேதான் வந்து நிற்கிறது.

வீட்டுப்பாட ஏட்டின் முதல் பக்கத்தில் பிள்ளை தன் பெயரையும் வகுப்பையும் எழுதுகிறது. அதற்குள் இருப்பதெல்லாம் ‘நான் அறிந்தது இவ்வளவு’ என்று அப்பிள்ளை ஆசிரியருக்குச் சொல்லும் சாட்சி. ஆசிரியர் அந்தச் சாட்சியை நம்பியே அடுத்த நாள் என்ன செய்வது என்று முடிவு செய்கிறார். நாற்பது ஏடுகளில் பத்துப் பிழையாக இருந்தால், அந்தப் பாடத்தை மீண்டும் ஒருமுறை நடத்துவார். நாற்பதும் பிழையின்றி இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். விளங்காத பிள்ளை விளங்காத இடத்திலேயே நின்றுவிடும். நோயாளி மருத்துவரிடம் வேறொருவருடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன ஆகும்? மருத்துவருக்கு அதனால் நட்டம் ஒன்றும் இல்லை.

எனவே கைப்பேசியா காகிதமா என்பது எனக்குப் பொருட்டன்று. இந்தப் பயிற்சி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை மட்டும் பார்க்கிறேன். கணக்கில் ஒரு படி பிடிபடவில்லை. விளக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அதை மூடி வைத்துவிட்டு, தானே மறுபடியும் போட்டுப் பார்க்கிறான். இது படிப்பு. செய்யுளில் ‘கழனி’ என்னும் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை, தேடி அறிந்துகொள்கிறாள். இதுவும் படிப்பு. கட்டுரை அப்படிப்பட்டது அன்று. பிள்ளை தானாக நினைத்து, தானாகச் சொல்லெடுத்து எழுத வேண்டும் என்பதற்காகவே கட்டுரை என்ற ஒன்றைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அதையும் எடுத்து எழுதிவிட்டால் மிஞ்சுவது கையெழுத்துப் பயிற்சி மட்டுமே. அதுவும் ஒரு பயன்தான் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை.

2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது இது. ஒன்பதாம் வகுப்பில் இயற்கைப் பேரிடர் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கூடத்துக்கு வரும் ஏழு பிள்ளைகளின் ஏடுகளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து ஏடுகளில் ஒரே கட்டுரை. ‘பேரிடர்’ என்னும் சொல் ஓரிடத்தில் ‘பேரிடார்’ என்று பிழையாக இருந்தது. அந்தப் பிழையும் ஐந்திலும் இருந்தது. 2001 குஜராத் நிலநடுக்கம், 2004 ஆழிப்பேரலை, அரசின் கடமை, மாணவர் கடமை என்று எல்லாம் முறையாகவே இருந்தன. முடிவுரையில் இயற்கையைக் காப்போம் என்றும் இருந்தது.

அந்த ஐவரில் மூவர் முடிச்சூர்ப் பக்கத்தவர்கள்.

வெளியூர் வாசகருக்கு முடிச்சூர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி, அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்து, தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. மக்களைப் படகுகளில் வெளியே கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பகுதிகளில் மறுபடி வெள்ளம். அந்தப் பிள்ளைகள் அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவர்கள். வெள்ளம் என்றால் என்ன என்பதை அவர்களுக்கு எந்தக் கையேடும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற கோடு இன்னும் அழியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள், எங்கோ யாரோ எழுதி வைத்த குஜராத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவர்களுள் ஒரு பெண்ணை அழைத்து, “உங்கள் வீட்டில் தண்ணீர் வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அவள் நிறுத்தாமல் பேசினாள். முதலில் சமையலறைக் குழியிலிருந்துதான் தண்ணீர் மேலே வந்ததாம். தாயார் அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிவீட்டுக்குப் போனாராம். ஆயா மட்டும் வர மறுத்து, ஆட்டுக்குட்டியைக் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டுத் தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாராம். “அதை ஏன் எழுதலே?” என்றேன். “அதெல்லாம் கட்டுரையில வருமா டீச்சர்?” என்று அவள் கேட்டாள்.

அவள் குரலில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தன் வீட்டில் நடந்தது எழுத்தில் வரத்தகாத பொருள், எழுத்தில் வரத்தக்கது வேறெங்கோ இருக்கிறது என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். ஒன்பது ஆண்டுகள் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது?

அதற்குப் பொறுப்பாளி கைப்பேசி அன்று. பல ஆண்டுகள் பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியவள் நான். விடைக்குறிப்பில் உள்ள கருத்துகள் தாளில் இருந்தால் மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரே கையேட்டின் ஒரே வாக்கியம் தாளுக்குத் தாள் திரும்பத் திரும்ப வரும். சொந்தமாக எழுதும் பிள்ளை நூற்றில் ஒன்று வந்தால் அன்று வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். எடுத்து எழுதியதைக் கொடு, மதிப்பெண் தருகிறோம் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவிட்டு, எடுத்து எழுதுகிறாயே என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது எந்த ஊர் நியாயம்? கைப்பேசியையும் அவர்கள் தாமாகத் தேடிப் போகவில்லை. 2018-இல் தொடங்கி வெளிவந்த அரசுப் பாடநூல்களிலேயே பாடத்துக்குப் பாடம் க்யூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் பாடம் நடந்தது. படிப்பு கைப்பேசிக்குள் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம்.

நம்மைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சண்முகம் சாலைப் பக்கம் மாலை வேளையில் போனால், எழுதுபொருள் கடைகளில் தாய்மார் தந்தையர் கூட்டத்தைப் பார்க்கலாம். பிள்ளையின் ‘ப்ராஜெக்ட்’டுக்கு அட்டை, வண்ணப் படம், தெர்மாகோல். வாங்கிக்கொண்டு போய் இரவு பத்து மணி வரை அமர்ந்து வெட்டி ஒட்டுகிறவர் தாயார்; பிள்ளை உறங்கிப்போயிருக்கும். மறுநாள் அதற்குப் பரிசும் கிடைக்கிறது. படித்த தாய் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் அக்கறை. படிக்காத தாயின் பிள்ளை கைப்பேசியைப் பார்த்து எழுதினால் ஏமாற்று! தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வசதியுள்ள வீட்டில், விடையைச் சொல்லித் தருவதற்கு ஓர் ஆசிரியரே மாலையில் வருகிறார். எங்கள் கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆசிரியர் கைப்பேசிக்குள்தான் இருக்கிறார். அதை ஒரேயடியாகப் பிடுங்கி வைக்கச் சொல்பவர்கள், அதனிடத்தில் என்ன வைப்பது என்றும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கிளிஃப்டன் ஹிலகாஸ் என்பவர் 1958-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குக் குறிப்பேடுகள் வெளியிடத் தொடங்கி, பின்னர் அது பெரிய வணிகமாக வளர்ந்தது. மூலநூலைப் படிப்பதற்கு மாற்றாக இதைக் கொள்ளாதீர்கள் என்ற எச்சரிக்கையை அவர் தம் கையொப்பத்துடன் அவற்றில் அச்சிட்டார். கையேட்டின் அளவை நன்கு அறிந்தவர் கையேடு விற்றவர்தாம் போலும். எச்சரிக்கையைப் பிள்ளைகள் படித்தார்களா என்பது வேறு செய்தி.

எங்கள் கூடத்தில் வைத்திருக்கும் வழக்கம் எளியது. பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. முதல் அரைமணி நேரம் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்; கோனார் உரை, இணையம், என்னுடைய பழைய குறிப்புகள், பக்கத்துப் பிள்ளை, எதுவும் தடையில்லை. அதன்பின் கைப்பேசிகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும், நூல்கள் மூடப்படும். பிறகுதான் எழுதுகோல். எழுதி முடித்ததும், கடைசி வரிக்குக் கீழே, யார் எது துணை செய்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘அண்ணன் சொல்லித் தந்தான்’, ‘உரைநூல் பார்த்தேன்’, இப்படி. ஒரு பயல் ‘கூகுள் ஆண்டவர் துணை’ என்று எழுதி வந்தான். ஆண்டவரை அடித்துவிட்டு மற்ற இரண்டு சொற்களை வைத்துக்கொள் என்றேன். அந்த ஒரு வரியை எழுதும்போது பிள்ளைகளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். சாட்சி மெய்ச்சாட்சி ஆகிவிடுகிறது அல்லவா?

இந்த வழக்கத்தின் பின்னே நன்னூலும் இருக்கிறது. பவணந்தியார் மாணவனின் கல்வியை நான்காகப் பங்கிடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக ஏற்றுக்கொண்டாலும் கைக்கு வருவது கால் பங்குதான். உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு. இணையத்து விளக்கத்தை எவ்வளவு உயர்வாக மதித்தாலும் ஆசிரியரின் இடத்தில்தான் வைக்க முடியும். அப்படி வைத்தாலும் அது கால் பங்கே. எடுத்து எழுதுகிற பிள்ளைக்கு அந்தக் கால் பங்கும் ஐயத்துக்குரியது.

ஆட்டுக்குட்டிப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் அன்று மாலையே பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இரண்டரைப் பக்கம். எழுத்துப் பிழைகள் இருந்தன. ‘பொழுது விடிந்தும் விடியாமலும் இருந்தது, ஏனென்றால் தண்ணீரிலும் வானம் தெரிந்தது’ என்று ஒரு வாக்கியமும் இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

பத்து நாள் கழித்து அவளுடைய தாயார் மெப்ஸ் வேலை முடிந்து, நேரே கூடத்துக்கு வந்தார். மகளின் ஏட்டைக் கையில் வைத்திருந்தார். கட்டுரைக்குப் பத்துக்கு நான்கு. பழைய கட்டுரையை அப்படியே கொடுத்த மற்றப் பிள்ளைகளுக்கு எட்டும் ஏழும். குறிப்புச்சட்டம் இல்லை, உட்தலைப்புகள் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. “நீங்க சொன்னீங்கன்னுதான் டீச்சர் சொந்தமா எழுதினா. பப்ளிக் எக்ஸாம்லயும் இப்படி எழுதி மார்க் போயிடுச்சுன்னா நாங்க என்ன பண்றது?” என்றார். கோபத்தோடு கேட்கவில்லை, காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒருவரின் களைப்போடு கேட்டார்.

அந்தக் கேள்விக்கு, மெய்யே பேச வேண்டும் என்று மட்டும் விடை சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மதிப்பெண்ணை இழந்தவர் நான் அல்லேன். உண்மையாக எழுதினால் மதிப்பெண் கூடும் என்று உறுதி கூறவும் என்னால் இயலவில்லை. அப்படிக் கூறினால் அதுவும் எட்டாம் கட்டளைக்குத்தான் வந்து சேரும். தேர்வு கேட்பதைக் கற்றுத்தருவது என் கடமை என்று சொன்னேன். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற சட்டம் ஒரு வீட்டுக்குக் கதவும் சன்னலும் போல. அதை எந்தக் கையேட்டைப் பார்த்தும் எடுத்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. உள்ளே குடியிருக்கிறவர்கள் மட்டும் அவர்கள் வீட்டு மனிதராக இருக்கட்டும். மகளை உட்காரவைத்து அந்தக் கட்டுரைக்கே சட்டம் போட்டோம். ‘நீர் வந்த வழி’, ‘மாடிவீட்டில் ஒரு பகல்’, ‘உதவிக் கரங்கள்’ என்று தலைப்புகளை அவளே வைத்தாள். ‘அரசின் கடமை’ என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்த்துக்கொள், உங்கள் தெருவுக்குப் படகு எப்போது வந்தது என்று அதில் எழுது என்றேன்.

அரையாண்டுத் தேர்வில் பேரிடர் பற்றிய கட்டுரை வரவில்லை. நூலகம் பற்றி வந்தது. அவள் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு, வெள்ளக் கட்டுரையைப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டினாள். ஆயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். “ஒண்ணு இல்லடி, ரெண்டு குட்டி. ஒண்ணு அன்னிக்கு ராத்திரியே போயிடுச்சு. அதை எழுதலையா நீ?” என்றார். பேத்தி எழுதுகோலைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.